நெட்டை முதலா, குட்டை முதலா

கல்யாணமான புதிதில் நானும் என் வீட்டுக்காரரும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் டோல்கேட்டைத் தாண்டி, எண்ணெய்த் தொட்டிகள் வரிசையாக நிற்கும் யார்டு அது. அவர் பைப் ஃபிட்டர், நான் டெலிபோன் போர்டு. ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் மாதா கோயில் பூசைக்குப் போகும் நேரம் தவிர, கிரீஸ் இல்லாத சட்டையில் அவரைப் பார்ப்பதே அபூர்வம்.

போர்டு என்றால் இன்றைக்குப் பலருக்குப் புரியாது. எங்கள் கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு எக்ஸ்சேஞ்ச் இருந்தது. ஆள் உயர மரப்பலகை. அதில் வரிசை வரிசையாக ஓட்டைகள், ஒவ்வொரு ஓட்டைக்கு மேலும் கட்டைவிரல் நகமளவு ஒரு பித்தளை மூடி. யாராவது தங்கள் போனின் கைப்பிடியைச் சுற்றினால் அவர்களுடைய மூடி டக்கென்று விழும், சுற்றும் நேரம் முழுக்க மணியும் அடிக்கும். நான் பிளக்கைச் செருகி, யார் வேண்டும் என்று கேட்டு, இன்னொரு பிளக்கை அந்த ஓட்டையில் செருகுவேன். நான் ஒருத்தரைக் கூப்பிட வேண்டுமென்றால் போர்டின் பக்கத்திலிருக்கும் கைப்பிடியைச் சுற்ற வேண்டும்.

துறைமுகத்தில் கப்பலிலிருந்து எண்ணெயை இறக்கிக் குழாய் வழியாக எங்களுக்கு அனுப்புவது வேறொரு கம்பெனி. அவர்களுக்கும் சொந்தமாக ஒரு போர்டு, அதற்கும் ஒரு பெண். இரண்டு போர்டையும் இணைக்க ஒரே ஒரு லைன். பாதிக் கம்பி அவர்களுடையது, பாதி எங்களுடையது. நடுவில் ஒரு கம்பத்தில் இருந்த இரும்புப் பெட்டிதான் எல்லை. லைனில் கோளாறு வந்தால் இரண்டு பக்கத்து எலெக்ட்ரீஷியன்களும் அந்தப் பெட்டி வரைக்கும் வந்து, "நம்ம சைடு கிளீனா கீது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போவார்கள். இரண்டு பக்கமும் கிளீன், நடுவில் மட்டும் பேச்சு போகாது. கேட்டால் நம் மேல்தான் எரிந்து விழுவார்கள்.

எண்ணெய் அனுப்புவதற்கு ஒரு வழக்கம் இருந்தது. கப்பல் தயாரானதும் துறைமுகத்திலிருந்து கூப்பிட்டு, "ஹோஸ் மாட்டி முடித்ததும் பம்ப் போடுவோம்" என்று சொல்வார்கள். எங்களுக்கு ஆட்சேபம் இருந்தால் நாங்கள் திரும்பக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். கூப்பிடவில்லை என்றால் சரி என்று அர்த்தம். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் தலையைக் குனிந்தால் போதும் என்கிற மாதிரி. கப்பலைக் காக்க வைக்கக் கூடாது என்பதற்காக யாரோ எப்போதோ செய்த ஏற்பாடு அது. எனக்கு முன்பிருந்தவர்களும் அதையேதான் செய்தார்கள், நானும் கேள்வி கேட்கவில்லை.

துறைமுகத்துப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை. குரல்தான் பழக்கம். என்னைவிடப் பெரியவள், அதனால் அக்கா. அவள் என்னைக் கூப்பிடுவது "இன்னாமே" என்று. அதிகாரிகள் லைனில் இருந்தால் இரண்டு பேரும் கான்வென்ட் இங்கிலீஷ் பேசுவோம். அவர்கள் வைத்ததும் அவள் காசிமேட்டுக்காரி, நான் ராயபுரத்துக்காரி.

அவள் பக்கத்தில் ஒரு தொல்லை இருந்தது. எங்கள் லைன் துறைமுகத்துக்குள் போகும் கம்பத்திலேயே பக்கத்து கிரேன் ஷெட்டின் லைனும் ஓடியது. உப்புக் காற்றில் கம்பியின் உறை அரித்துப்போய், கிரேன் ஷெட்டுக்காரர்கள் தங்களுக்குள் போன் சுற்றினால் அவள் போர்டில் எங்கள் மூடியும் சேர்ந்து விழும். எடுத்துப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் நாங்கள் கூப்பிடும்போது ஒரு அடையாளச் சுத்து வைத்திருந்தோம். நான் நீளமாக ஒன்று, சின்னதாக இரண்டு சுற்றுவேன். நெட்டை ஒன்று, குட்டை இரண்டு. அது வந்தால் மட்டும் எடுப்பாள், மற்றதை எல்லாம் காற்று என்று மூடியைத் தள்ளிவிடுவாள்.

அந்த மழைக்காலத்தில் கிரேன் ஷெட்டில் வந்த புது ஆளும் நெட்டையில் ஆரம்பித்துச் சுற்றினான். அவளுக்குக் குழப்பம். என்னை மாற்றச் சொன்னாள்.

"குட்டை ரெண்டு, அப்பால நெட்டை ஒண்ணு. அப்டி சுத்து, எனுக்கு ஈஸியா பூடும்."

"எங்க பம்ப் ஹவுஸைக் கூப்புடற சுத்து குட்டையில ஆரம்பிக்குதுக்கா. எனுக்கு கை கொயம்பும்."

"உன் கைக்கோசரம் நான் நாள் பூரா காத்துக்கு அலோ சொல்லிக்கினு இருக்கணுமா?"

"நெட்டை முதல்ல வந்தா இன்னா, உன் காது பூடுமா?"

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் அதிகாரிகளுக்கு மட்டும் லைன் கொடுத்தோம், எங்களுக்குள் ஒரு வார்த்தை இல்லை. வீட்டில் என் வீட்டுக்காரரிடம் புலம்பினேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "குட்டையோ நெட்டையோ, அந்தம்மா எடுத்தா சரி. வுட்டுக் குடேன் மே" என்றார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. ஆனால் படுக்கும்போது யோசித்துப் பார்த்தேன், அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் முதல் அவள் சொன்னபடியே சுற்றுவது என்று முடிவு செய்துவிட்டேன். சொல்லவில்லை. சொன்னால் தோற்ற மாதிரி ஆகிவிடும், சுற்றும்போது அவளே தெரிந்துகொள்ளட்டும் என்று ஒரு வீம்பு.

மறுநாள் காலை துறைமுகத்திலிருந்து கூப்பிட்டார்கள். எடுத்தால் அவள் குரல் இல்லை, நேராக அவர்கள் அதிகாரியின் குரல். கப்பலைக் கரையில் கட்டியாகிவிட்டது, ஹோஸ் மாட்டுகிறோம், முடிந்ததும் பம்ப் போடுவோம். வழக்கமான சேதி. எங்கள் ஆபீசரிடம் கொடுத்தேன். 'இவளுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை' என்று நினைத்துக்கொண்டு பிளக்கைப் பிடுங்கினேன்.

கொஞ்ச நேரத்தில் ஆபீசர் என் அறைக்கு ஓடி வந்தார். எப்போதும் நடந்தே வரும் மனிதர். குழாய் துறைமுகத்திலிருந்து எங்கள் யார்டுக்கு வரும் வழியில், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வால்வுக் குழி இருந்தது. ஆள் ஆழத்துக்கு மேல் இறங்கும் சிமென்ட் குழி. அதில் ஒரு மூட்டு ஒழுகுகிறது என்று காலையிலேயே ஃபோர்மேன் ஆள் அனுப்பிவிட்டார். ஆபீசருக்கு அது தெரியாது. மூட்டைக் கழற்றி, குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பேர் உள்ளே இருக்கிறார்கள்.

"யார் சார் போயிருக்காங்க?" என்றேன்.

எடுபிடியாகப் போன ஒரு கலாசியின் பெயரைச் சொன்னார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். மற்றவர் யார் என்று அவர் சொல்லத் தேவையில்லை.

கப்பலில் வருவது கெட்டியான கறுப்பு எண்ணெய். அதை அங்கேயே சூடாக்கித்தான் அனுப்புவார்கள், இல்லாவிட்டால் குழாயில் ஓடாது. திறந்த மூட்டில் அது வந்தால் குழி நிறைய எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. ஆபீசர், "பம்ப் போடாதேன்னு சொல்லு, உடனே சொல்லு" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் கைப்பிடி என் கையில் இருந்தது.

குட்டை இரண்டு, நெட்டை ஒன்று. அவள் கேட்ட மாதிரியே, சுத்தமாகச் சுற்றினேன்.

பதில் இல்லை. மறுபடி சுற்றினேன். பதில் இல்லை. வெளி லைனில் அவர்கள் ஆபீஸ் நம்பரைச் சுழற்றினேன், பிஸி டோன். கப்பல் வந்த நாளில் அந்த நம்பர் கிடைத்தால்தான் அதிசயம். வாட்ச்மேனைக் குழிக்குப் போகச் சொல்லி சைக்கிளில் விரட்டினார் ஆபீசர். அவன் வாசலைத் தாண்டும்போதே கேட் பக்கமிருந்து கூட்ஸ் வண்டியின் ஊதல் கேட்டது. கேட் மூடினால், வண்டி அங்கேயே நின்றுவிட்டால், அந்தப் பக்கம் போக வழியே இல்லை.

எலெக்ட்ரீஷியன் வந்தார். போர்டுக்குப் பின்னால் குனிந்து பேட்டரியைப் பார்த்தார், திருகுகளைத் தட்டினார். வாசல் போனுக்குச் சுற்றிப் பார்க்கச் சொன்னார். சுற்றினேன், அங்கே மணி அடித்தது. அவர் நிமிர்ந்து வாயைத் திறந்தார்.

"நம்ம சைடு கிளீனா..."

"இன்னொரு வாட்டி அத்த சொன்னே, இந்த பிளக்காலயே அடிப்பேன்."

அவர் தள்ளி நின்றார். நல்ல மனிதர்தான், பாவம். ஆனால் எனக்கு அப்போது நல்ல மனிதர்கள் யாரும் வேண்டியிருக்கவில்லை.

யோசி, யோசி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கம்பி எங்காவது அறுந்திருந்தால் கைப்பிடி லேசாகிவிடும், வெறும் காற்றைச் சுற்றுவது போல. இரண்டு கம்பி எங்காவது ஒட்டிக்கொண்டால் கைப்பிடி இறுகும், கை வலிக்கும். கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக ஒரு தரம் சுற்றிப் பார்த்தேன். லேசாகவும் இல்லை, இறுகவும் இல்லை. தினமும் இருக்கிற அதே கனம். அப்படியென்றால் லைன் நன்றாக இருக்கிறது. என் சுத்து போய்ச் சேருகிறது. அவள் போர்டில் எங்கள் மூடி விழுகிறது. காலையில் இதே லைனில்தான் அவர்கள் கூப்பிட்டார்கள்.

மூடி விழுவதை அவள் பார்க்கிறாள். பார்த்துவிட்டும் எடுக்கவில்லை.

அது மனதில் பட்டதும் எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு சூடாகிறது. வேண்டுமென்றே எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு வாரத்துச் சண்டைக்குப் பழி வாங்குகிறாள். அங்கே குழிக்குள் என் மனுஷன் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு குனிந்திருக்கிறான், இவளுக்கு ரோஷம். ஆபீசர் பக்கத்தில் நின்று, "எடுக்கறாங்களா? எடுக்கறாங்களா?" என்று ஜபம் மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தார். மாதாவே, மாதாவே என்று நான் சொன்னது பாதி வேண்டுதல், பாதி சாபம்.

போடி, உனக்காக என் கையை மாற்றிக்கொண்டேனே, என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று, என் பழைய சுத்தைச் சுற்றினேன். நெட்டை ஒன்று, குட்டை இரண்டு. கைப்பிடி பிய்ந்துவிடும் போலச் சுற்றினேன்.

"ஹார்பர்" என்றாள் உடனே.

கத்தினேன்.

"அக்கா, பம்ப் போடாதே! குயி தொறந்து கீது! என் வூட்டுக்காரு உள்ள கீறாரு!"

அவள் ஏன், எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலி கீழே விழும் சத்தம் கேட்டது. அவள் ஓடிக்கொண்டே யாரிடமோ கத்துவது தூரமாகக் கேட்டது. பிறகு லைனில் வெறும் இரைச்சல். நான் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன், காது வலிக்கும்வரை.

திரும்பி வந்தபோது அவளுக்கு மூச்சு இரைத்தது.

"நிறுத்திட்டாங்க மே."

"போட்டுட்டாங்களா? நிறுத்தறதுக்கு முன்னாடி போட்டுட்டாங்களா?"

"போட்டுட்டாங்க. ரொம்ப நேரம் ஆவல. பாதி பைப்பு கூட வந்திருக்காதுன்னு சொல்றான் வால்வுக்காரன்."

வால்வுக்காரன் சொல்வான். பாதிக் குழாயா, முழுக் குழாயா என்று அவன் உள்ளே போய்ப் பார்த்தானா? நான் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆபீசர் லாரியைக் கிளப்பச் சொல்லிக் கத்திக்கொண்டே வெளியே ஓடினார். போர்டில் வேறு மூடிகள் விழுந்துகொண்டே இருந்தன. நான் தொடவில்லை. அவளும் லைனை வைக்கவில்லை.

"ஏன்க்கா எடுக்கல?" என்றேன். திட்டத்தான் நினைத்தேன், அழுகையாக வந்தது. "எம்மா நேரம் சுத்தினேன் தெரியுமா?"

"நீ எங்க சுத்துனே? உன் சுத்து இப்பத்தானே வந்துச்சி. அதுவரைக்கும் குட்டை ரெண்டு நெட்டை ஒண்ணு தான் வந்துகினே இருந்துச்சி. கிரேன் ஷெட்டு சுத்து. நான் மூடியைத் தள்ளி வுட்டுக்கினே இருந்தேன்."

"கிரேன் ஷெட்டு நெட்டையில தானே ஆரம்பிக்கும்?"

"காலையில போயி அவனை மாத்த சொல்லிட்டேன் மே. அத்தொட்டுதான் நாங்க கூப்ட்டப்போ கூட நான் போர்டுல இல்ல, எங்க ஆபீசரே லைன் போட்டுக்கினாரு. நீ புதுசா கல்யாணம் ஆன பொண்ணு, ஒரு வாரமா மூஞ்சைத் தூக்கி வச்சிக்கினு இருந்தியே. சரி, சின்னப் பொண்ணு, அவ ஆசைப்பட்ட மாதிரியே சுத்தட்டும்னு என் சுத்தை அவனுக்குக் குடுத்துட்டேன்."

"நான் உன் சுத்தைத்தான்க்கா சுத்தினேன். காலையிலதான் மாத்தினேன். உனக்கோசரம்."

அவள் அழ ஆரம்பித்தாள். அவளைக் கடித்துக் குதற வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் கம்பியில் முடியாது. ஒருத்திக்கொருத்தி விட்டுக்கொடுத்தே என் தாலியை அறுக்கப் பார்த்திருக்கிறோம். ஒரு வார்த்தை, "இனிமே இப்படி" என்று ஒரே ஒரு வார்த்தை, இரண்டு பேரில் ஒருத்தியாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்.

வாட்ச்மேன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தான். கூட்ஸ் வண்டி கேட்டை மறித்துக்கொண்டு நின்றுவிட்டதாம். வண்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ, குழி ஆளுங்க மேலே வந்துட்டாங்க என்று கத்தினார்களாம். யார் என்று தெரியாது. எந்தக் குழி என்றும் தெரியாது. வழியில் லாரியை நிறுத்தி ஆபீசரிடமும் அதையே சொல்லியிருக்கிறான். ஆபீசர் லாரியைக் குழிக்கு அனுப்பிவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்தார். அவருக்கு மேலிடத்துப் பயம், கப்பல் நிற்கிற பயம்.

"ஆள் வெளியே வந்தாச்சாம். பம்ப்புக்குத் தயாரா இருக்கச் சொல்லிடலாமா? மூட்டை இறுக்கினதும் போடலாம்."

நான் அவரை முறைத்துப் பார்த்தேன். ஆனாலும் உத்தியோகம் உத்தியோகம்தான், அவர் சொன்னதை லைனில் சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"நீ பார்த்தியா?"

"இல்லக்கா."

"உன் ஆபீசரு பார்த்தாரா?"

"இல்ல."

"அப்ப நான் சொல்ல மாட்டேன். உள்ள இருந்தவரு வந்து என் காதுல சொல்லட்டும்."

அவளுக்குப் பின்னால் அவர்கள் அதிகாரி இங்கிலீஷில் கத்துவது எனக்கே கேட்டது. யார்டு ஆபீசரிடமிருந்து முறையாக ஆட்சேபம் வரவில்லை, வழக்கப்படி ஆரம்பிக்கலாம், நீ யார் தடுப்பதற்கு என்றார். அவள் அவரிடம் திரும்பிச் சொன்னதும் கேட்டது. லைனில் அதிகாரி இருந்தால் அவள் பேசாத பாஷையில் சொன்னாள்.

"இன்னிக்கி பேசாம இருந்தா சரின்னு அர்த்தம் இல்ல சார். வேணும்னா என்னை வேலையை வுட்டுத் தூக்கு. பம்புக்குப் போற லைன் பிளக்கு என் கையில கீது."

நாங்கள் காத்திருந்தோம். அவள் அந்த முனையில், நான் இந்த முனையில், நடுவில் ஒரு கப்பல். வாசலில் எந்தச் சத்தம் கேட்டாலும் திரும்பிப் பார்த்தேன்.

கடைசியில், கூட்ஸ் வண்டி நகர்ந்து கேட் திறந்த பிறகு, லாரி வந்தது. பின்பக்கத்திலிருந்து முதலில் கலாசி இறங்கினார். பிறகு என் வீட்டுக்காரர். முழங்கால் வரைக்கும் கறுப்பு எண்ணெய், செருப்பு இல்லை, பாதம் சிவந்து வெந்திருந்தது. என்னை வாசற்படியில் பார்த்ததும், "இன்னாமே, போர்டை வுட்டுட்டு இங்க இன்னா பண்றே?" என்றார்.

அடித்தேன். ஆபீசர், லாரி டிரைவர், எலெக்ட்ரீஷியன் எல்லோரும் பார்க்கத் தோளில் அடித்தேன். அவர் புரியாமல் நின்றார்.

"எண்ணெய் வர்ற சத்தம் கேட்டுச்சி. மூட்டை இறுக்கிட்டு ஏறினோம்" என்றார், சமாதானம் சொல்கிற மாதிரி.

"சத்தம் கேட்டதும் ஏறி வர்றதுக்கு இன்னா?"

"அப்டியே வுட்டா ரோடெல்லாம் எண்ணெய் ஆயிடும் மே. கேட்டாண்ட புள்ளைங்க வெளயாடிக்கினு கீதுங்க."

சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போர்டு அறைக்குப் போனேன். அவர் அதுவரை போனில் பேசியதே இல்லை. போர்டில் தொங்கிய ரிசீவரைக் கையில் கொடுத்ததும், பாவசங்கீர்த்தனக் கூண்டில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற மாதிரி குனிந்துகொண்டார்.

"அலோ. அக்கா, நான்தான். குயில இருந்தவன். மேல வந்துட்டேன். கலாசியும் வந்துட்டாரு." அவள் ஏதோ கேட்டாள். "கால்ல கொஞ்சம் சூடு. அவ்ளோதான்." இன்னும் ஏதோ கேட்டாள். "ஆங், மூட்டு டைட்டா கீது. என் கையால இறுக்கினேன்." பிறகு அவர் வெறுமனே கேட்டுக்கொண்டு நின்றார். முகம் மாறியது. அவள் என்ன சொன்னாள் என்று அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

"மே" என்றாள் அவள். குரல் கரகரத்திருந்தது. "பம்ப் போடச் சொல்லட்டா?"

அந்த லைனில் நான் உட்கார்ந்த நாளிலிருந்து அவர்கள் பம்ப் போடுவோம் என்று சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். போடட்டுமா என்று யாரும் கேட்டதில்லை. ஆபீசர் என்னைப் பார்த்தார். நான் என் வீட்டுக்காரரின் காலைப் பார்த்தேன். தரையில் அவர் நின்ற இடத்தில் கறுப்பாக இரண்டு பாதம் பதிந்திருந்தது.

"போடச் சொல்லுக்கா" என்றேன்.